அணுகுண்டுப் பெயர்கள்: மாற்றி எழுதாமல் இருக்க

‘லிட்டில் பாய்’ எங்கே விழுந்தது, ‘ஃபேட் மேன்’ எங்கே விழுந்தது? தேர்விலும் புதிர்ப்போட்டியிலும் நம்ம பிள்ளைகள் இதை மாற்றி எழுதிடுறாங்க. மனப்பாடம் செய்ய வேண்டாம், மாணவர்களே. பெயர் வந்த கதையைப் பாருங்கள்.

முதலில் இருந்தது ‘தின் மேன்’, அதாவது ஒல்லி மனிதன். இயற்பியலாளர் ராபர்ட் செர்பர் வைத்த பெயர். சுமார் 5 மீட்டர் நீளம். பீரங்கிக் குழாய் போன்ற ஒன்றுக்குள் ஒரு புளூட்டோனியத் துண்டைச் சுட்டு இன்னொன்றோடு மோதவிடும் திட்டம். துண்டுகள் முழுதாகச் சேர்வதற்குள் வினை தொடங்கி, குண்டு புஸ்ஸென்று போய்விடும் என்று தெரிந்ததும் 1944இல் கைவிட்டார்கள். யுரேனியத்துக்கு அதே முறை சரிப்பட்டது. குழாயும் குட்டையானது, நீளம் 3 மீட்டர்தான். ஒல்லி மனிதனுக்குத் தம்பி மாதிரி, ‘சின்னப் பையன்’! 6.8.1945 அன்று ஹிரோஷிமாவில் விழுந்தது இதுதான். அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே இறந்தவர்கள் ஏறத்தாழ 140,000 பேர்.

புளூட்டோனியத்தையோ நாலாபக்கமும் வெடிமருந்து வைத்து உள்நோக்கி நசுக்க வேண்டியிருந்தது. அதனால் உருண்டை வடிவம். அதனால் ‘குண்டு மனிதன்’. (தமிழில் இரட்டைப் பொருள் வருவது தற்செயல்தான்.) 9.8.1945 அன்று இதன் முதல் இலக்கு கொக்குரா. மேகமும் புகையும் மறைக்கவே, விமானம் நாகசாகிக்குத் திரும்பியது.

பெயர் சேகரிப்பவர்களுக்கு இன்னொன்று. ‘எனோலா கே’ என்பது ஹிரோஷிமா விமானி பால் டிபெட்ஸின் அம்மா பெயர். நாகசாகிக்குப் போன ‘பாக்ஸ்கார்’ விமானத்தின் பெயர் பிரெட்ரிக் பாக் என்ற விமானியிடமிருந்து வந்தது. ஆனால் அன்று அதை ஓட்டியவர் சார்ல்ஸ் ஸ்வீனி. இந்தக் கேள்வியில் மாட்டிக்காதீங்க.