வான்மீகியின் வினா: பொய்ம்மையும் மானுடத்தின் எதிர்காலமும்

சென்னையின் தென்பால், கடலோசை கேட்கும் தொலைவில் அமைந்த திருவான்மியூர், மருந்தீசர் திருக்கோயிலால் புகழ்பெற்ற பதியாகும். சம்பந்தரும் அப்பரும் பாடிய இத்தலத்தில் வான்மீகி முனிவர் வழிபட்டார் என்பது தலவரலாறு. ஊர்ப்பெயருக்கும் அதனையே காரணமாகக் கூறுவர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அம்முனிவருக்கெனத் தனியே ஒரு சிறு கோயிலும் உண்டு.

அவரைப் பற்றிய கதை எல்லோரும் அறிந்ததே. வழிப்பறி செய்து குடும்பத்தைக் காத்துவந்தவன் ஒருவனை முனிவர் தடுத்து நிறுத்தி, "நீ கொண்டுவரும் பொருளில் பங்கு பெறுவோர் உன் பாவத்திலும் பங்கு பெறுவார்களா?" என்று வினவினர். அவன் வீட்டுக்குச் சென்று கேட்டான். மனைவியும் மக்களும் மறுத்தனர். அன்றே அவன் வேறு மனிதனானான். இக்கதை ஆதிகாவியத்தில் இல்லை. பிற்கால நூல்களே இதனைக் கூறுகின்றன. எனினும் முதற்கவிஞன் என்று போற்றப்படும் ஒருவனைத் திருட்டிலிருந்து எழுந்தவனாக ஒரு பண்பாடு கற்பனை செய்தது எண்ணத்தக்கது. வஞ்சம் மனிதனின் இயல்பா, அவ்வியல்பைக் கடத்தல் கூடுமா, கூடுமெனில் அது ஒருவன் உள்ளத்தில் நிகழ்வதா, மானுடம் முழுவதும் காலப்போக்கில் எய்துவதா என்னும் வினாக்கள் அனைத்தும் அச்சிறு கதையில் அடங்கியுள்ளன. அவ்வினாக்களுக்கு விடை தேடிய முயற்சிகள் பல திருவான்மியூரைச் சுற்றிய சில கல் தொலைவிலேயே நடந்தேறின என்பது இந்நகர வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

முதலில் இயற்கையின் சாட்சியத்தைக் கேட்கலாம். கவிஞர் பாடும் குயில் கூடு கட்டுவதில்லை. காக்கையின் கூட்டில் முட்டையிட்டு, தன் குஞ்சை வளர்க்கும் சுமையை அதன்மேல் ஏற்றுகிறது. ஆண்குயில் காக்கைகளைத் தன்பால் ஈர்த்து விரட்டச் செய்யும் நேரத்தில் பெண்குயில் கூட்டினுள் புகுவதைப் பறவையியலார் பதிந்துள்ளனர். வஞ்சம் மனிதன் கண்டுபிடித்ததன்று. அவன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே உயிர்வாழ்வின் உத்திகளுள் ஒன்றாக அது நிலைபெற்றிருந்தது. குரங்கினங்களை ஆராய்ந்த இருவர், மூளையின் புறணிப் பகுதி பெரிதாக உள்ள இனங்களிலேயே ஏமாற்றும் செயல்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன என்று 2004-இல் காட்டினர். அறிவும் வஞ்சமும் ஒரே கொடியில் காய்த்தவை போலும்.

இதனினும் ஆழமான கருத்து ஒன்றை ராபர்ட் டிரிவர்ஸ் என்னும் உயிரியல் அறிஞர் 1976-இல், டாக்கின்சின் 'தன்னல மரபணு' நூலுக்கு எழுதிய முன்னுரையில் வெளியிட்டார். ஏமாற்றுவோர் பெருகினால் ஏமாற்றைக் கண்டுபிடிக்கும் திறனும் பெருகும். கண் தடுமாறினாலும் குரல் நடுங்கினாலும் பொய்யன் அகப்படுவான். ஆகவே தன் பொய்யைத் தானே மெய்யென நம்பிவிடுபவனே அகப்படாமல் தப்புகிறான். பிறரை ஏமாற்றுவதற்காகவே தன்னை ஏமாற்றிக்கொள்ளும் ஆற்றல் உயிர்ப் பரிணாமத்தில் வளர்ந்தது என்பது அவர் கொள்கை.

மயிலையில் பிறந்தவராக மரபு போற்றும் வள்ளுவர், பொய்யனைத் தண்டிப்பது அவனுடைய உள்ளமே என்று வாய்மை அதிகாரத்தில் கருதினார். தான் அறிந்தே சொல்லும் பொய்யைப் பற்றியது அவர் கூற்று. தான் அறியாமலே சொல்லும் பொய்யை உள்ளம் எங்ஙனம் தண்டிக்கும்? வள்ளுவர் நம்பிய அந்தக் காவலனையே உறங்கச் செய்யும் வழியை இயற்கை கண்டுவிட்டது என்பதே டிரிவர்சின் கொள்கை நமக்குத் தரும் அச்சம்.

திருவான்மியூருக்கு வடக்கே, அடையாற்றின் தென்கரையில், 1882 டிசம்பரில் பிரம்மஞான சபை தன் தலைமையகத்தை நிறுவியது. ஈராண்டும் நிறைவதற்குள் அங்கு ஒரு பெரும் புயல் வீசியது. சபையைத் தோற்றுவித்தோருள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் நிகழ்த்தியனவாகச் சொல்லப்பட்ட அற்புதங்கள் சூழ்ச்சியால் செய்யப்பட்டவை என்று, அங்குப் பணிபுரிந்து விலக்கப்பட்ட கூலோம் தம்பதியர் குற்றஞ்சாட்டினர். அம்மையார் எழுதியவை என அவர்கள் காட்டிய கடிதங்களை 1884 செப்டம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழ் வெளியிட்டது. இலண்டனிலிருந்த உளவியல் ஆய்வுக் கழகம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பாரை ஆராய அனுப்பியது. 1885-இல் வெளிவந்த அறிக்கை அம்மையாரை வஞ்சகர் எனத் தீர்த்தது. அவர் அவ்வாண்டு மார்ச்சில் இந்தியாவை விட்டு நீங்கி, மீண்டும் திரும்பவில்லை. கடிதங்கள் போலியானவை என்பதே அவருடைய மறுப்பு. ஒரு நூற்றாண்டு கழித்து, 1986-இல், கையெழுத்து ஆய்வில் வல்ல வெர்னான் ஹாரிசன் அதே கழகத்தின் இதழில் ஹாட்ஜ்சனின் ஆய்வுமுறை நடுநிலை பிறழ்ந்தது என்று எழுதினார். பொய்யைக் கண்டறியப் புறப்பட்டவரின் நேர்மையும் இவ்வாறு வழக்குமன்றம் ஏறியது.

அம்மையார் 1888-இல் வெளியிட்ட 'இரகசியக் கோட்பாடு' என்னும் பெருநூல் மானுடத்தின் எதிர்காலத்தைப் பற்றியது. மனித குலம் ஏழு மூல இனங்களாகப் படிப்படியே உயர்ந்து செல்லும், காலமே அதனைத் தெய்வநிலைக்கு ஏற்றிவைக்கும் என்று அது கூறியது. டார்வினின் காலத்தில் பரிணாமம் என்னும் சொல்லுக்கு இருந்த கவர்ச்சியைச் சமயம் தனதாக்கிக்கொண்ட நிகழ்ச்சி இது. ஆயின் உயிரியல் கூறும் பரிணாமத்துக்கு இலக்கு இல்லை. உயர்வு தாழ்வும் இல்லை. குயிலை நேர்மையாக்கும் பொறுப்பு அதற்கு இல்லை.

அக்கோட்பாட்டின் வழிவந்த நம்பிக்கை 1909-இல் அடையாற்றுக் கடற்கரையில் ஒரு சிறுவனைக் கண்டெடுத்தது. வரவிருக்கும் உலக ஆசானுக்கு உரிய உடல் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1911-இல் அவரைத் தலைவராகக் கொண்டு விண்மீன் அமைப்பு தோற்றுவிக்கப்பட்டது. தந்தையார் தம் மக்களை மீட்கச் சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் வென்றும், 1914-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் அன்னி பெசன்ட் அம்மையாரே வெற்றி பெற்றார். அதே 1914-இல், புதுவையில் இருந்த பாரதியார் 'பொன்வால் நரி' என்று தமிழில் அறியப்படும் அங்கதக் கதையை ஆங்கிலத்தில் எழுதி இவ்வியக்கத்தை எள்ளி நகையாடினார். வஞ்சத்தைக் கண்டுகொள்ளும் கண் கவிஞனுக்கு இருக்க வேண்டும் என்பதற்கு அது சான்று.

ஆனால் பாரதியார் காணாத ஒன்று பின்னர் நிகழ்ந்தது. 1929 ஆகஸ்டு 3 அன்று, ஆலந்து நாட்டின் ஓமென் நகரில், அன்னி பெசன்ட் அம்மையாரும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினரும் கேட்டிருக்க, கிருஷ்ணமூர்த்தி தம் பொருட்டு அமைக்கப்பட்ட அமைப்பைத் தாமே கலைத்தார். உண்மைக்கு எந்த நிறுவனமும் வழியமைக்க இயலாது என்றார். அவருக்கென அளிக்கப்பெற்ற நிலமும் மாளிகையும் அளித்தோரிடமே திருப்பப்பட்டன. பிறர் தம்மைப் பற்றி நம்பிய பொய்யிலிருந்து பயன் பெறுவது எளிது; அதனை மறுப்பது அரிது. அரியதை அவர் செய்தார். எனினும் வரலாறு எவரையும் முழுமையாக வணங்க விடுவதில்லை. அவர் மறைந்த பின், 1991-இல் வெளிவந்த நூலொன்று, அவருடைய தனிவாழ்விலும் நெடுநாள் மறைக்கப்பட்ட உறவு இருந்ததென எழுதி, அவரைப் போற்றியோரைக் கலங்கச் செய்தது. மறைத்தலும் துறத்தலும் ஒரே நெஞ்சில் குடியிருக்க இயலும் என்பதே அதனால் பெறப்படும் பாடம்.

பரிணாமத்தைப் பற்றிய அறிவியலும் பொய்யினின்று தப்பவில்லை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த கைக்கோடரி, இந்தியாவின் பழங்கற்கால ஆய்வுக்குத் தோற்றுவாயாயிற்று. அவ்வாண்டே அவரும் வில்லியம் கிங்கும் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தில், சாந்தி பப்புவும் உடனாய்வோரும் மேற்கொண்ட ஆய்வு, அங்குள்ள கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011-இல் உறுதிப்படுத்தியது. ஃபுட் 1912 டிசம்பர் 29 அன்று மறைந்தார். அதற்குப் பதினொரு நாள் முன்புதான் இலண்டனில், பில்ட்டௌன் என்னும் இடத்தில் கிடைத்த ஆதிமனிதனின் மண்டையோடு என ஒன்று அறிஞர் அவையில் அறிவிக்கப்பட்டது. 1953-இல் அது போலி என வெளிப்பட்டது. மனித மண்டையோட்டோடு ஒராங்குட்டானின் தாடையைச் சேர்த்து, நிறமேற்றி, பற்களை அராவி வைத்திருந்தனர். நாற்பத்தோர் ஆண்டுகள் அறிஞர் உலகம் அதனோடு வாழ்ந்தது. தொல்மனிதன் தம் மண்ணில் தோன்றியிருத்தல் வேண்டும் என்னும் ஆங்கிலேயரின் ஆவல் அந்த நம்பிக்கைக்குத் துணைசெய்தது. தன்னை ஏமாற்றிக்கொள்ளுதல் என்று டிரிவர்ஸ் பின்னாளில் கூறியது இதுவே. ஆயினும் பொய்யை வெளிப்படுத்தியதும் அதே அறிவியல்தான் என்பதை மறத்தலாகாது. எலும்பில் உள்ள ஃபுளோரின் அளவைச் சோதிக்கும் முறை, எவர் விருப்பத்துக்கும் வளையாமல் உண்மையைச் சொன்னது.

இவ்விடத்தில் தொல்காப்பியரின் சிந்தனை நினைவுக்கு வருகிறது. மக்களிடையே பொய்யும் குற்றமும் தோன்றிய பிறகே சான்றோர் கரணம் என்னும் திருமணச் சடங்கை வகுத்தனர் என்று கற்பியலில் அவர் கூறுகிறார். காதலர் இருவரின் சொல் மட்டுமே போதியதாக இருந்த காலம் கழிந்து, சொல்லுக்குச் சாட்சி தேவைப்பட்ட காலம் வந்தது என்பது இதன் கருத்து. மனிதன் திருந்துவான் என்று காத்திராமல், திருந்தாத மனிதனோடும் வாழத்தக்க ஏற்பாட்டைச் செய்துகொள்ளும் அறிவு இது. கல்வெட்டு, பத்திரப்பதிவு, தணிக்கை, நீதிமன்றம், ஆய்வுக்கூடத்தின் மறுசோதனை ஆகிய யாவும் கரணத்தின் வழித்தோன்றல்களே.

1983 ஜூனில் இங்கிலாந்தின் பிராக்வுட் பூங்காவில் கிருஷ்ணமூர்த்தியும் இயற்பியல் அறிஞர் டேவிட் போமும் 'மானுடத்தின் எதிர்காலம்' பற்றி இருமுறை உரையாடினர். மனிதன் புறத்தே எவ்வளவு முன்னேறினும் அகத்தே அச்சமும் பகையும் மாறவில்லை. காலம் அகத்தைத் திருத்தாது என்பது கிருஷ்ணமூர்த்தியின் துணிபு. பிளாவட்ஸ்கி அம்மையார் காலத்தின்மேல் வைத்த நம்பிக்கையை, அவருடைய சபை வளர்த்த பிள்ளையே முற்றாக மறுத்தார். அடுத்த திங்களில், திருவான்மியூரிலிருந்து தெற்கே செல்லும் அதே கடற்கரைச் சாலையின்மேல் உள்ள கல்பாக்கத்தில், சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை இயங்கத் தொடங்கியது.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பில்லை. ஆயினும் இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். அணு உலையில் உண்டாகும் புளூட்டோனியம் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் ஆகும். தமிழ் எழுத்தின் வயதையும் ஆதிகாவியத்தின் வயதையும் கூட்டினாலும் அதன் சிறுபகுதிக்கே எட்டும். அத்துணை நெடுங்காலத்துக்கு எச்சரிக்கைகள் மறைக்கப்படாமலும் ஏடுகள் திருத்தப்படாமலும் கைமாற வேண்டும். எதிர்கால மக்களுக்கு மானுடம் அளித்துள்ள மிக நீண்ட வாக்குறுதி இது. அளித்தவனோ குயிலின் உறவினன். காணாத காட்சியையும் பேசாத பேச்சையும் கணிப்பொறியே உருவாக்கித் தரும் இக்காலத்தில், சாட்சி என்பதன் பொருளே ஆட்டங்கண்டுள்ளது. இயற்கைத் தேர்வு நம்மை நேர்மையாளராக்கும் என்று காத்திருக்க நேரமும் இல்லை. அது அவ்வாறு ஆக்கும் என்பதற்கு ஆதாரமும் இல்லை.

எஞ்சுவன இரண்டு வழிகள். ஒன்று தொல்காப்பியர் காட்டிய கரணம். மற்றொன்று வான்மீகி கேட்ட வினா. கரணம் மட்டும் போதும் என்றால், அதனை நடத்துவோரே பொய்யராகும்போது அது சடங்காகிவிடும். ஹாட்ஜ்சனின் அறிக்கை மீதான வழக்கு அதனையே உணர்த்துகிறது. நெஞ்சின் வினா மட்டும் போதும் என்றால், தன்னையே ஏமாற்றும் நெஞ்சு தனக்கு வேண்டிய விடையையே கூறிக்கொள்ளும். கதையில் வரும் கள்வன் தன் நெஞ்சை மட்டும் கேட்டிருந்தால், 'குடும்பத்துக்காகவே செய்கிறேன்' என்று அது ஆறுதல் கூறியிருக்கும். அவன் வீட்டுக்குச் சென்று பிறரைக் கேட்டான். அவர்கள் சொன்ன கசப்பான விடையை ஏற்றான். அவ்விடத்தில் வினாவும் கரணமும் ஒன்றாயின.

கள்வன் கவிஞனானான் என்று கூறிய முன்னோர், கவிதையைப் பொய்ம்மைக்கு எதிர்நிலையில் வைத்தனர். புனைவு வேறு, பொய் வேறு. புனைவு தன்னைப் புனைவென்றே அறிவித்துக்கொண்டு உண்மையை நாடுகிறது. பொய் தன்னை உண்மையென அறிவித்துக்கொண்டு பயனை நாடுகிறது. 1955 முதல் வான்மீகியின் காவியத்தை நாட்டிய நாடகங்களாக அமைத்த ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திரம் திருவான்மியூரிலேயே நிலைகொண்டிருப்பது பொருத்தமே. அரிதாரம் பூசிய இராவணன் எவரையும் ஏமாற்றுவதில்லை. தன்னுள் இருக்கும் இராவணனைக் காணுமாறு பார்ப்பவனைத் தூண்டுகிறான். உறங்கும் காவலனை எழுப்புவதே கலையின் பணியெனில், மானுடத்தின் நெடிய எதிர்காலத்தில் கவிஞனுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தன் சொல்லால் பங்கு பெறுவோர் யார், அதன் பழியில் பங்கு பெறுவோர் யார் என்று எழுதுந்தோறும் அவன் கேட்டுக்கொள்ள வேண்டும்.