கொள்வனவில் மறக்கப்படும் மனிதன்

திருகோணமலை இயற்கைத் துறைமுகத்தின் ஆழத்தையும் பாதுகாப்பையும் பற்றிப் பேசாதவர் இல்லை. கடற்படையின் கிழக்குக் கட்டளைத் தலைமையகமும் அதன் பயிற்சிக் கல்வியகமும் இங்கேயே இயங்குகின்றன. ஆனால், இத்தகைய துறைமுகங்களை நம்பி இயங்கும் கலங்களையும் கருவிகளையும் கொள்வனவு செய்யும்போது, அவற்றைக் கையாளப் போகும் மனிதன் எந்த அளவுக்குக் கருத்திற் கொள்ளப்படுகின்றான் என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது.

இலங்கைக் கடற்படையின் பெரிய கலங்கள் பல நாடுகளிலிருந்து வந்தவை. ‘சயுர’ 2000ஆம் ஆண்டில் இந்தியாவிடமிருந்தும், ‘சமுதுர’ 2004இல் அமெரிக்காவிடமிருந்தும் பெறப்பட்டன. ‘சயுரால’, ‘சிந்துரால’ ஆகியன கோவா கப்பல் கட்டுந்தளத்தில் நிர்மாணிக்கப்பட்டு முறையே 2017, 2018ஆம் ஆண்டுகளில் சேவையில் இணைந்தன. 2019இல் இணைந்த ‘பராக்கிரமபாகு’ சீனாவினுடையது. அதே ஆண்டில் இணைந்த ‘கஜபாகு’, 1968இல் அமெரிக்கக் கரையோரக் காவற்படையில் சேவையைத் தொடங்கிய கலமாகும். 2022இல் நாட்டை வந்தடைந்த ‘விஜயபாகு’வும் அமெரிக்கக் கலமே. நன்கொடையாகவும் கடனாகவும் கிடைப்பவற்றை ஏற்பது சிறிய நாடொன்றுக்குத் தவிர்க்க முடியாதது. எனினும், வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நாடுகளில் அமைக்கப்பட்ட கலங்களுக்கிடையே மாலுமிகள் மாறி மாறிப் பணியாற்றும்போது, ஒரு கலத்தில் பழகிய கை மற்றொன்றில் தடுமாற இடமுண்டு.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2017 ஆகஸ்ட் 21ஆம் திகதி, சிங்கப்பூர் நீரிணைக்கு அருகே அமெரிக்க யுத்தக்கப்பலான ‘ஜோன் எஸ். மெக்கெய்ன்’, ‘அல்னிக் எம்.சி.’ என்ற எண்ணெய்க் கப்பலுடன் மோதியதில் 10 மாலுமிகள் பலியாகினர். இயந்திர வேகக் கட்டுப்பாட்டை மட்டும் அடுத்த இருக்கைக்கு மாற்ற முற்பட்டபோது, சுக்கானின் கட்டுப்பாடும் அங்கே சென்றுவிட்டது. அதை உணராத சுக்கானி, கப்பல் தன் வசமில்லை என அறிவித்தார். வேகத்தைக் குறைத்தபோதும் ஒரு பக்கச் சுழலியே வேகம் குறைந்தது. கப்பல் இடப்புறம் திரும்பி எண்ணெய்க் கப்பலின் பாதையிற் புகுந்தது. அன்று கடமையிலிருந்தோருட் சிலர் ‘அன்டீற்றம்’ என்ற மற்றொரு கப்பலிலிருந்து தற்காலிகமாக வந்தவர்கள். அக்கப்பலின் கட்டுப்பாட்டு முறை வேறானது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2019இல் வெளியிட்ட அறிக்கை, போதிய பயிற்சியின்மைக்கும் மேற்பார்வைக் குறைபாட்டுக்கும் முதன்மைப் பொறுப்பைச் சாட்டியது. தொடுதிரைக் கட்டுப்பாட்டின் வடிவமைப்பு தவறு நிகழும் வாய்ப்பை அதிகரித்தது என்றும் அது கண்டது. தொடுதிரைகளுக்குப் பதிலாகக் கையாற் பிடித்து இயக்கும் நெம்புகோல்களை மீளப் பொருத்த அமெரிக்கக் கடற்படை அதே ஆண்டில் தீர்மானித்தது. பல கோடி டொலர் செலவிட்டு நவீனமாக்கியதைப் பின்னர் மீண்டும் செலவிட்டு மாற்ற நேர்ந்தமை கவனத்திற்குரியது.

இப்பாடம் புதிதுமன்று. இரண்டாம் உலகப் போரின்போது, தரையிறங்கிய ‘பி-17’ விமானங்களின் ஓட்டிகள் இறக்கைத் தட்டுகளை மடக்க எண்ணிச் சக்கரங்களை மடக்கிவிட்டனர். ஒரே தோற்றமுடைய இரு கட்டுப்பாடுகள் அருகருகே இருந்ததே காரணம் எனக் கண்ட உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ், ஒன்றுக்குச் சக்கர வடிவமும் மற்றதற்கு ஆப்பு வடிவமும் கொடுத்துத் தீர்வு கண்டார். ஓட்டியைக் குறைகூறுவது எளிது. கருவியைத் திருத்துவதே பயன் தந்தது.

சர்வதேச கடல்சார் அமைப்பும் இத்திசையில் நகர்ந்துள்ளது. வழிசெலுத்தற் கருவிகளின் இடைமுகங்களை நியமப்படுத்தும் வழிகாட்டல்களை அது 2019இல் அங்கீகரித்தது. எந்த நிறுவனத்தின் கருவியாயினும் அத்தியாவசியச் செயற்பாடுகளும் குறியீடுகளும் ஒரே விதமாக அமைய வேண்டும் என்பதே அதன் நோக்கமாகும்.

நமது மீனவரின் நிலையையும் இங்கு குறிப்பிட வேண்டும். இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் விதித்த தடையை அடுத்து, ஆழ்கடற் கலங்களில் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. கிண்ணியா, மூதூர், திருகோணமலை ஆகிய பகுதிகளின் தமிழ், முஸ்லிம் மீனவர்களின் மொழி தமிழே. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழியாகும். புயலிரவில் அபாய அறிவிப்புப் பொத்தானைத் தேடும் மீனவருக்கு, புரியாத மொழியிலுள்ள திரை உதவாது. மொழியுரிமை இங்கே உயிர்ப் பாதுகாப்பாகவும் ஆகின்றது.

20ஆவது திருத்தத்தால் நீக்கப்பட்ட தேசிய கொள்வனவு ஆணைக்குழு, 2022இல் 21ஆவது திருத்தத்தின் மூலம் மீள ஏற்படுத்தப்பட்டது. விலையும் தொழில்நுட்பத் தகுதியும் போலவே, கையாளும் எளிமையும் கேள்விப்பத்திரங்களில் நிபந்தனையாக்கப்பட வேண்டும். கருவியைத் தெரிவு செய்யுமுன், அதனை இயக்கப் போகும் மாலுமியையும் மீனவரையும் கொண்டு பரீட்சித்துப் பார்க்க வேண்டும். ஒரே பணிக்கான கருவிகளில் ஒரே ஒழுங்கும் குறியீடும் பேணப்பட வேண்டும். நன்கொடையாகக் கிடைப்பவற்றுக்கு, வேறுபாடுகளை விளக்கும் மாற்றுப் பயிற்சி கட்டாயமாக்கப்பட வேண்டும். அறிவுறுத்தல்கள் சிங்களத்திலும் தமிழிலும் இடம்பெற வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு, கொள்வனவின் தொடக்கத்தில் சிறிது. விபத்தின் பின்னரோ பெரிது. விபத்து நேர்ந்தபின் மாலுமி மீது பழிசுமத்தி விசாரணையை முடிப்பதிலும் பார்க்க, அவன் தவறிழைக்க இடந்தராத கருவியை அவன் கையில் கொடுப்பதே பொறுப்புள்ள அரசொன்றின் கடமையாகும்.