ஊவாவின் ஊற்றுகளும் உமா ஓயாவும்

ஊவாவின் பொருளாதார வரலாற்றை எழுதுவோர் கோப்பி, தேயிலை, புகைவண்டி என்று வரிசைப்படுத்துவது வழக்கம். இவை அனைத்துக்கும் அடிப்படையாய் நின்ற நீரைப் பற்றிப் பேசுவோர் சிலரே. உமா ஓயாத் திட்டத்தின் வரலாறு அக்குறையை நமக்கு உணர்த்துகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலத் துரைமார் காடழித்துக் கோப்பி நட்டபோது, மலைச்சரிவுக்கு என்ன நேரும் என்று எவரையும் கேட்டாரில்லை. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. 1924இல் புகைவண்டி பதுளையை அடைந்தது. தமிழகத்திலிருந்து வந்த உழைப்பாளர் லயங்களில் குடியேறினர். மலையூற்றிலிருந்து இறங்கும் பீலி அவர்களுக்கு உயிர்நீராயிற்று. அந்நீரின்மீது எழுத்திலான உரிமை எதுவும் அவர்களுக்கு இருக்கவில்லை.

கேட்காமற் செய்யும் அக்கால வழக்கத்துக்கு நம் நாட்டுச் சட்டம் பின்னர் ஒரு வரம்பு கட்டியது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டது. பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு அவசியமாயிற்று. அறிக்கையைப் பார்வையிட்டுக் கருத்துரைக்கப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் உண்டு.

ஆயின் நடந்தது என்ன? ஈரானின் துணையோடு உமா ஓயாத் திட்டம் 2008இல் தொடங்கி வைக்கப்பட்டது. சுற்றாடல் அனுமதியோ 2011இலேயே கிடைத்தது. புகுல்பொலவிலும் டயரபாவிலும் அணைகள் கட்டி, ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தின் வழியே நீரைக் கிரிந்தி ஓயாப் பள்ளத்தாக்கில் வீழ்த்தி, 120 மெகாவாட் மின்சாரம் பெறுவது நோக்கம். மின்னாக்கியபின் அந்நீர் தென்கிழக்கின் வறண்ட வயல்களுக்கும் அம்பாந்தோட்டைக்கும் செல்லும்.

2014 டிசம்பரில் சுரங்கத்துள் நீர் பெருக்கெடுத்தது. மலைப்பாறையின் வெடிப்புகளில் மழைநீர் தங்கிநின்றே ஊற்றாகவும் கிணறாகவும் வெளிப்படுகின்றது. அவ்வெடிப்புகளைச் சுரங்கம் ஊடறுக்கும்போது அது பெருவடிகாலாக மாறுகின்றது. நீர்மட்டம் தாழ மண் அமிழ்கின்றது; சுவர்கள் பிளக்கின்றன. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகள் சேதமுற்றன. 2017 யூனில் மக்கள் பெருந்திரளாய் வீதிக்கு வந்தனர்.

இஃது எதிர்பாராத விபத்தென்று கூறுவதை ஏற்க வொண்ணாது. பலாங்கொடையை அடுத்த சமனலவெவ நீர்த்தேக்கத்தை நிரப்பிய 1992இலேயே வலக்கரை மலைவழி நீர் பீறிட்டது. 1998இல் மண்கொட்டி அடைக்க முயன்றும் கசிவு முற்றாக நிற்கவில்லை. பாறையின் இயல்பை முன்னரே முழுமையாக அறிய வேண்டுமென்ற பாடம் அருகிலேயே இருந்தது.

நிலத்தடி நீர் வற்றும்போது சிங்களவர், தமிழர் என்று பார்ப்பதில்லை. ஆனால் இழப்பீட்டின் முதற்கேள்வி பெரும்பாலும் வீட்டின் உறுதிப்பத்திரமே. தலைமுறைகளாய் வாழ்ந்தும் லயத்தவர் பலரிடம் இன்றும் அது இல்லை. 1948இல் குடியுரிமை இழந்த மக்களின் வழித்தோன்றல்கள், நீரை இழக்கும்போதும் கணக்குக்கு வெளியே நிற்பதோ?

2024 ஏப்ரலில் மின்நிலையம் திறக்கப்பட்டது. எண்ணெயும் நிலக்கரியும் எரியாது பெறும் மின்சாரத்தை நாம் வெறுக்கவில்லை. அது நாட்டுக்குத் தேவை. எனினும் புகையில்லாத மின்சாரம் என்பதனாலேயே அது தீங்கற்றதாகிவிடாது. நாளை எழவிருக்கும் காற்றாலைக்கும், கடலோரத் துறைமுகத்துக்கும், மலைச்சுரங்கத்துக்கும் நாம் கேட்பது ஒன்றே: மதிப்பீடு முன்னே வரட்டும், அடிக்கல் பின்னே வரட்டும். அறிக்கை தமிழிலும் லயத்து வாயிலை அடையட்டும். அணைக்கு அளவெடுப்போர் பீலியையும் அளக்கட்டும். மாணவரும் ஆசிரியரும் தத்தம் ஊரின் ஊற்றுகளையும் கிணறுகளையும் இன்றே பதிந்து வைப்பின், நாளைய வழக்கில் அதுவே மக்களின் சான்றாகும்.