நெய்வேலி நகரியம்: ஆட்சியமைப்பும் அரசுகளிடை உறவும்

நெய்வேலி நகரியம், கடலூர் மாவட்டத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களை ஒட்டி அமைந்த ஊர். ஒன்றிய அரசின் நிலக்கரி அமைச்சகத்தின்கீழ் இயங்கும் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் இதை எழுப்பிப் பராமரிக்கிறது. குடிநீர், சாலை, தெருவிளக்கு, துப்புரவு ஆகிய நகராட்சிப் பணிகள் அனைத்தையும் நிறுவனத்தின் நகர நிர்வாகமே செய்கிறது. தேர்தல் வழி அமைந்த மன்றம் கிடையாது. அதனால் மற்ற ஊர்களில் நகர்மன்றம் மாநில அரசோடும் ஒன்றிய அரசோடும் நடத்தும் கடிதப் போக்குவரத்து, பேச்சுவார்த்தை, சட்டமன்ற முறையீடு ஆகிய வேலைகள் இங்கே நிறுவனம், மாவட்ட ஆட்சியர், சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர், தொழிற்சங்கம், சுற்றுப்புற ஊராட்சிகள் என்று பலரிடம் பிரிந்து கிடக்கின்றன.

அரசமைப்பு நிலை

அரசமைப்பின் ஏழாம் அட்டவணை வகுத்த மூன்று பட்டியல்களும் நெய்வேலியில் சந்திக்கின்றன. நிலம், நீர், உள்ளாட்சி ஆகியவை மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. கனிம வளர்ச்சியில் நாடாளுமன்றம் சட்டத்தால் எடுத்துக்கொண்ட அளவு ஒன்றியப் பட்டியலைச் சேர்ந்தது. மின்சாரமும் நிலமெடுப்பும் பொதுப் பட்டியலில் உள்ளன. ஆகவே சுரங்கத்தை விரிப்பது ஒன்றிய நிறுவனம் என்றாலும், அதற்கு வேண்டிய நிலத்தை எடுத்துத் தருவோர் மாநில வருவாய்த் துறையின் நிலமெடுப்பு அதிகாரிகள். நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் தமிழ்நாடு அரசின் பிரதிநிதி ஒருவரும் இடம்பெறுகிறார்.

தொடக்கம்

இப்பகுதியின் பழுப்பு நிலக்கரி முதலில் எப்போது அறியப்பட்டது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1884இல் புதுச்சேரியை அடுத்த பாகூர்ப் பக்கம் அதன் தடயம் கண்டதாகச் சில நூல்கள் குறிக்கின்றன. நெய்வேலியைப் பொறுத்தவரை, 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய துகள்கள் வெளிவந்தன என்பதே பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. ஆண்டை 1934 என்றும் 1935 என்றும் இருவிதமாகச் சொல்வர். தண்ணீருக்குத் தோண்டியவர் அத்தோடு விடாமல், அந்தத் துகள்களை அதிகாரிகளின் பார்வைக்குக் கொண்டுசென்றதே இவ்வரலாற்றில் ஒரு தனியாள் அரசிடம் வைத்த முதல் முறையீடு. பின்னர் அவர் 620 ஏக்கர் நிலத்தைத் திட்டத்துக்கு வழங்கியதாக மரபு. நகரியத்தில் அவருக்குச் சிலை உண்டு.

1943 முதல் 1957 வரை

நெய்வேலி வரலாற்றில் மிகுதியான ஆவணங்கள் கிடைக்கும் காலம் இது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1940களின் நடுவில் தென்னார்க்காடு மாவட்டத்தில் துளையிட்டுப் பார்த்தது. அதன்பின் சென்னை மாகாண அரசு பொறுப்பேற்றது. பொறியாளர் எச்.கே. கோஷ் தலைமையில் 1949 முதல் 1951 வரை நடந்த துளையிடலின் முடிவில், சுமார் 259 சதுர கிலோமீட்டர் பரப்பில் 200 கோடி டன் அளவுக்கு நிலக்கரி இருக்கலாம் என மதிப்பிடப்பட்டது.

இருப்பு தெரிந்ததும் இரண்டு தடைகள் எதிர்நின்றன. முதலாவது தண்ணீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே மிகுந்த அழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளமே பிளந்துவிடும். இரண்டாவது பணம். மாகாண அரசின் வரவு செலவுத் திட்டம் இத்தனை பெரிய வேலையைத் தாங்காது. முதல் தடைக்கு விடை காண 1953இல் மாதிரிச் சுரங்கம் ஒன்று வெட்டப்பட்டது. அமெரிக்கச் சுரங்கத் துறையைச் சேர்ந்த பால் ஐரிக் ஆலோசகராக வந்தார். கொழும்புத் திட்ட உதவியில் பிரிட்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம் திட்ட அறிக்கை தயாரித்தது. தொடர்ந்து இறைத்தால் ஊற்றுநீரைக் கட்டுப்படுத்தலாம் என்பதை மாதிரிச் சுரங்கம் மெய்ப்பித்தது. தில்லியில் வாதாட மாநிலத்தின் கையில் இருந்த வலுவான சான்று அதுவே.

பணத்துக்கான வாதம் தில்லியில் நடந்தது. 1954இல் முதலமைச்சரான காமராசரும் நிதியமைச்சர் சி. சுப்பிரமணியமும் திட்டத்தை இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்குள் கொண்டுவர முயன்றனர். தென்னகத்தில் நிலக்கரி அரிது. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலில் வரவேண்டும். நிலக்கரி இல்லாத மாநிலத்தில் ஆலைகள் எப்படி வளரும் என்பதே சென்னையின் வாதத்தின் உயிர்நாடி. காமராசர் நேருவிடம் நேரில் பேசி இசைவு பெற்றதைப் பற்றி மேடைகளில் பல கதைகள் வழங்குகின்றன. அவற்றின் உரையாடல்கள் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுபடுவதால் இங்கே தரப்படவில்லை. மாநில அரசு கண்டறிந்து, துளையிட்டு, வெட்டிப் பார்த்த திட்டம் ஒன்றிய அரசின் கைக்கு மாறியது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்.

1953ஆம் ஆண்டுச் சட்டமும் வழக்கும்

இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது சென்னைச் சட்டமன்றம் பழுப்பு நிலக்கரி நிலமெடுப்புச் சட்டத்தை இயற்றியது. எடுக்கும் நிலத்துக்கு அறிவிக்கை நாளின் விலையைத் தராமல், 1947 ஏப்ரல் 28 அன்றைய சந்தை விலையைத் தந்தால் போதும் என்றது அச்சட்டம். அந்த நாளுக்குப்பின் நிலத்தில் செய்த விவசாயம் சாராத மேம்பாடுகளுக்கும் ஈடு இல்லை. நிலக்கரி இருப்பது வெளியில் தெரிந்தபின் ஊகத்தால் ஏறும் விலையைத் தவிர்ப்பது அதன் நோக்கமாகக் கருதப்படுகிறது. நில உடைமையாளர்கள் நீதிமன்றம் சென்றனர். பழைய தேதி ஒன்றில் விலையை உறையவைப்பது நியாயமான ஈடாகாது என்று 1964இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. நெய்வேலி மண்ணில் எழுந்த இவ்வழக்கு, சொத்துரிமை பற்றிய இந்தியத் தீர்ப்புகளின் வரிசையில் இடம்பெற்றுள்ளது.

நகரியம்

1961இல் நிலக்கரி வெளிப்பட்டது. 1962இல் சோவியத் உதவியுடன் அமைந்த முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. சுரங்கத்தின் ராட்சதச் சக்கர அகழ்பொறிகள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. சுரங்கத்துக்கு எடுத்த கிராமங்களுக்கு அப்பால், எண்ணிட்ட வட்டங்களாக நகரியம் உருவாயிற்று. இன்றும் இங்குள்ளோர் முகவரி சொல்லும்போது தெருப்பெயருக்கு முன் வட்டத்தின் எண்ணையே சொல்வர். அகன்ற சாலைகளும், வீடுதோறும் பலாவும் மாவும் நிற்கும் தோட்டங்களும் இவ்வூரின் அடையாளம். பழைய கிராம வாழ்வின் மிச்சமாக வில்லுடையான்பட்டு முருகன் கோயில் நகரியத்துக்குள்ளேயே நிற்கிறது. வேலுக்குப் பதிலாக வில்லேந்திய முருகன் அங்கே குடிகொண்டிருக்கிறார். பங்குனி உத்திரத்துக்குச் சுற்றுப்பட்டுக் கிராமங்கள் எல்லாம் அங்கே கூடுகின்றன.

2001 கணக்கெடுப்பில் சுமார் 1,28,000 ஆக இருந்த நகரிய மக்கள்தொகை 2011இல் சுமார் 1,05,000 ஆகக் குறைந்தது.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசமைப்புத் திருத்தம் நகரங்களுக்குத் தேர்ந்தெடுத்த மன்றங்களைக் கட்டாயமாக்கியது. ஆனால் தொழில் நிறுவனமே நகராட்சிப் பணிகளைச் செய்யும் இடங்களைத் தொழில் நகரியமாக அறிவித்து விலக்களிக்க 243க்யூ பிரிவு ஆளுநருக்கு இடமளிக்கிறது. ஜாம்ஷெட்பூரில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம்வரை சென்றது. நகரியத்தை ஒட்டி மந்தாரக்குப்பத்தை உள்ளடக்கிய கங்கைகொண்டான் பேரூராட்சியும், வடக்குத்து போன்ற ஊராட்சிகளும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகளாக இயங்குகின்றன. சாலையின் ஒரு பக்கத்தில் இருப்பவர் வார்டு உறுப்பினரிடம் முறையிடலாம். மறுபக்கத்தில் இருப்பவர் நிறுவன அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும்.

ஒன்றிய அரசின் சொத்துக்கு மாநில வரி விலக்கு உண்டு (பிரிவு 285). அரசு நிறுவனத்தின் சொத்து ஒன்றிய அரசின் சொத்தாகாது என்று 1999இல் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பொதுத்துறை ஆலைகளை ஒட்டிய உள்ளாட்சிகளின் வரி உரிமைக்கு இத்தீர்ப்பு வலுச் சேர்த்தது.

மின்சாரமும் பங்குகளும்

1970களிலும் 1980களிலும் இரண்டாம் சுரங்கமும் இரண்டாம் அனல்மின் நிலையமும் எழுந்தன. அதன் மின்சாரம் அண்டை மாநிலங்களுக்கும் பங்கிடப்பட்டது.

காவிரிப் பூசலில் நெய்வேலி குறியீடாயிற்று. 2002 அக்டோபர் 12 அன்று இயக்குநர் பாரதிராஜா முன்னின்று திரையுலகினர் இங்கே திரண்டு, கர்நாடகத்துக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்தக் கோரினர். 2006இல் நிறுவனத்தின் 10 விழுக்காட்டுப் பங்குகளை விற்க ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தபோது, கூட்டணியில் இருந்த தி.மு.க.வின் எதிர்ப்பால் அம்முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. 2013இல் மீண்டும் அதே சிக்கல் எழுந்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். முதலமைச்சர் ஜெயலலிதா, தனியாருக்கு விற்காமல் மாநில அரசு நிறுவனங்களுக்கே தரும்படி பிரதமருக்கு எழுதினார். 3.56 விழுக்காட்டுப் பங்குகளைத் தமிழ்நாடு அரசின் ஐந்து நிறுவனங்கள் வாங்கின. எதிர்ப்பைக் கோரிக்கையாகவும் கோரிக்கையை உடன்படிக்கையாகவும் மாற்றிய இந்நிகழ்வு, அரசுகளிடை உறவில் சிறந்த எடுத்துக்காட்டு.

அண்மைக் காலம்

2011 தேர்தலிலிருந்து நெய்வேலி பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி உண்டு. 2016இல் நிறுவனம் இன்றைய பெயரைப் பெற்றது. 2023 ஏப்ரலில் காவிரிப் படுகையின் புதிய நிலக்கரி வட்டாரங்களை ஏலத்தில் சேர்த்ததற்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் எதிர்ப்புத் தெரிவித்து எழுதியதும், ஒன்றிய அமைச்சகம் அவற்றை விலக்கியது. அவ்வாண்டு சூலையில் வளையமாதேவி கிராமத்தில் விளைந்து நின்ற நெற்பயிரூடே நிறுவனம் வாய்க்கால் வெட்டியது பெரும் போராட்டத்துக்கு வழிவகுத்தது. பயிரிழந்தோருக்கு இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கனிம நிலத்துக்கு வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென 2024 சூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதையடுத்துத் தமிழ்நாடும் அவ்வகைச் சட்டம் இயற்றியது.

மதிப்பீடு

நெய்வேலியின் பெரிய முடிவுகள் எல்லாம் சென்னைக்கும் தில்லிக்கும் இடையிலேயே தீர்ந்திருக்கின்றன. இரு அரசுகளும் பேசி உடன்பட்ட 1956, 2013 போன்ற ஆண்டுகளில் ஊர் பயன் பெற்றது. நிலத்தை இழந்தவரைக் கேளாமல் விதிகள் வகுத்த இடங்களில் வழக்கும் போராட்டமும் மிஞ்சின. அந்தப் பேச்சில் ஊரின் சார்பில் உட்கார நகரியத்துக்கு இதுவரை தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றம் அமையவில்லை.