நாடி அடைப்பு நோயும் ஓமோசிஸ்டீன் கருதுகோளும்

நாடிகள் தடித்து அடைபடுவதற்குக் கொலஸ்திரோலே முதற் காரணம் என்ற கொள்கை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வலுப்பெற்றிருந்தது. அக்காலத்தே அதற்குப் போட்டியாக எழுந்ததே ஓமோசிஸ்டீன் கருதுகோள். அதன் வரலாறு யாழ்ப்பாணத்துச் சைவ உணவு மரபையும் தொட்டுச் செல்வதாகும்.

புரத உணவிலுள்ள மெதயோனின் உடலில் மாற்றமுறும்போது தோன்றும் அமினோ அமிலமே ஓமோசிஸ்டீன். போலிக் அமிலமும் விற்றமின் பி6, பி12 என்பனவும் அதனை வேறு பொருள்களாக மாற்ற உதவுகின்றன. இவை குறையின் அது குருதியில் மிகும்.

1969இல் அமெரிக்க நோயியலறிஞர் கில்மர் மக்கலி இரு சிறாரின் நாடிகளை ஒப்புநோக்கினார். ஒருவன் 1933இல் பக்கவாதத்தால் இறந்த எட்டு வயதுச் சிறுவன். மற்றையது இரண்டு மாதக் குழந்தை. இருவரின் பிறவிக் குறைபாடுகளும் வெவ்வேறானவை. எனினும், நாடிச் சிதைவு ஒன்றாகவே இருந்தது. இருவர்க்கும் பொதுவானது ஓமோசிஸ்டீன் மிகுதியே. எனவே, அதுவே நாடியைச் சிதைக்கின்றது என அவர் முடிவு செய்தார். இக்கருத்து அன்று ஏற்கப்படவில்லை. 1970களின் இறுதியில் அவர் ஹாவாட் பல்கலைக்கழகப் பதவியையும் இழந்தார்.

1990களில் நிலை மாறியது. ஓமோசிஸ்டீன் மிகுந்தோரிடையே மாரடைப்பும் மிகுதல் பல ஆய்வுகளிற் புலப்பட்டது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இலண்டன் ஆய்வொன்று, அங்கு வாழும் இந்திய வமிசத்தவரிடையே அதன் அளவு ஐரோப்பியரினும் கூடியிருத்தலையும், பி12, போலிக் அமிலக் குறைவு அதற்குக் காரணமாதலையும் சுட்டியது.

ஆயின், இறுதிச் சோதனை எஞ்சியிருந்தது. 2006இல் வெளிவந்த நோர்வே ஆய்விலும், 5,522 பேர் பங்குகொண்ட மற்றோர் ஆய்விலும், விற்றமின்கள் ஓமோசிஸ்டீனைக் குறைத்தன, மாரடைப்பையோ குறைக்கவில்லை. நோயுடன் சேர்ந்து காணப்படுவது யாவும் நோயின் காரணமாகாது என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வாறாயின் சைவ உணவு நாடிக்குக் கேடு என்பதும், விற்றமின் மாத்திரை மாரடைப்பைத் தடுக்கும் என்பதும் ஒருங்கே ஆதாரமற்றனவாகும். எனினும், பி12 குறைவு குருதிச் சோகையையும் நரம்புக் கேட்டையும் விளைப்பது உறுதி. மச்சம் உண்ணாதார்க்கு அது பாலிலும் தயிரிலும் கிடைக்கும். போலிக் அமிலமோ முருங்கையிலையிலும் பயற்றிலும் உண்டு. கீரையை நெடுநேரம் அவித்து நீரை வடித்துவிடின் அதிற் பெரும்பகுதி இழக்கப்படும்.

மக்கலியைப் புறக்கணித்தோர் சான்றை ஆராயாது மறுத்தனர். பின்வந்தோர் சோதனை முடியுமுன்னரே நம்பினர். அறிவியல் வரலாறு இவ்விரு அவசரங்களையும் ஒருசேரக் கண்டிக்கின்றது.