சங்கராபுரம் தெரியும்... 'சங்கராபரணம்' கேட்டிருக்கீங்களா?

கள்ளக்குறிச்சி பக்கம் 'சங்கராபுரம்'னு போர்டு போட்ட பஸ்ஸைப் பார்க்காதவங்க இருக்க முடியாது. பேர்ல ரெண்டு மூணு எழுத்தை மாத்தினா ஒரு ராகத்தின் பேர் வரும், ஒரு தெலுங்குப் படத்தின் பேரும் வரும். 'சங்கராபரணம்'. 1980 பிப்ரவரி 2-ம் தேதி வெளியான படம். அம்மா, அப்பாகிட்ட கேட்டுப்பாருங்க. தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாதவங்ககூட அதுல ஒரு பாட்டையாவது முணுமுணுப்பாங்க.

"கர்னாடக சங்கீதம்லாம் நமக்கு செட் ஆகாது ப்ரோ"ன்னு ஸ்க்ரோல் பண்ணிப் போறவரா நீங்க? இந்த ஆல்பத்தைப் பத்தி நீங்கதான் முதல்ல தெரிஞ்சுக்கணும்.

யார் போட்ட இசை?

படம் தெலுங்கு. இயக்கம் கே.விஸ்வநாத், தயாரிப்பு ஏடித நாகேஸ்வர ராவ். ஆனா இசை நம்ம நாகர்கோவில் கிருஷ்ணன்கோவில்ல பிறந்த கே.வி.மகாதேவன். 'திருவிளையாடல்', 'தில்லானா மோகனாம்பாள்' படங்களுக்கு இசையமைச்ச அதே 'திரையிசைத் திலகம்'தான். சிறந்த இசையமைப்பாளருக்கான முதல் தேசிய விருது அவருக்குத்தான் போச்சு, 'கந்தன் கருணை'க்காக. 'சங்கராபரணம்' அவருக்கு ரெண்டாவது தேசிய விருது.

மகாதேவன் பொதுவா மெட்டு போட்டுட்டு வரிகளுக்காகக் காத்திருக்க மாட்டார். பாடலாசிரியர் எழுதின வரிகளைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் மெட்டு போடுவார். இந்தப் படத்துக்குப் புதுப் பாடல்களை எழுதினவர் வேட்டூரி சுந்தரராமமூர்த்தி. வார்த்தை புரியாத நமக்கும் அது எங்கே நின்னு எங்கே நகருதுன்னு காதுல தெளிவா கேட்கும்.

மேடையில பாடினவர், மைக்ல பாடினவர்

கதையில சங்கர சாஸ்திரி பெரிய சங்கீத வித்வான். அந்த வேஷத்துல நடிச்ச ஜே.வி.சோமயாஜுலு, நாடக நடிகர். அவருக்குக் குரல் கொடுத்த எஸ்.பி.பாலசுப்ரமணியம் முறையா கர்னாடக இசை படிச்சவர் இல்ல. வித்வான் பாடுற பாட்டை நாம பாடுறதான்னு அவரே தயங்கியிருக்கார். மகாதேவனின் உதவியாளர் புகழேந்தி பக்கத்துல இருந்து சொல்லிக்கொடுக்க, எஸ்.பி.பி பழகிப் பழகிப் பாடினார். அவருடைய முதல் தேசிய விருது இந்தப் படத்துக்குத்தான் கிடைச்சது.

அதே படத்துக்காக சிறந்த பாடகி விருது வாங்கினவர் வேலூர்ல பிறந்த வாணி ஜெயராம். அவர் சின்ன வயசுலிருந்தே சாஸ்திரிய இசை படிச்சவர். முறையா படிச்சவர் ஒருத்தர், படிக்காதவர் ஒருத்தர்; ரெண்டு பேருக்கும் ஒரே படத்துல விருது. இசை, பாடகர், பாடகி, சிறந்த பொழுதுபோக்குப் படம்னு மொத்தம் 4 தேசிய விருதுகள்.

அந்த ராகம் உங்க கீபோர்டுலயே இருக்கு

மேளகர்த்தா ராகங்கள் 72. அதுல 29-வது சங்கராபரணம். போன்ல ஒரு பியானோ ஆப் இறக்கிக்கோங்க. கறுப்புக் கட்டையைத் தொடாம 'சி'யில் ஆரம்பிச்சு அடுத்த 'சி' வரைக்கும் வெள்ளைக் கட்டைகளை வரிசையா வாசிங்க. மேற்கத்திய இசையில அதுக்குப் பேர் மேஜர் ஸ்கேல். சங்கராபரணத்தின் ஸ்வரங்களும் அதேதான். தேவாரப் பண்களில் இதைப் பழம்பஞ்சுரம்னு சொல்வாங்க. ஸ்வரங்களை எப்படி அசைக்கிறோம், எங்கே இழைக்கிறோம்கிறதுலதான் ராகம் உயிர் பெறும். அதுக்குப் பேர்தான் கமகம்.

எந்த வரிசையில கேட்கலாம்?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியா கல்வராயன் மலை வெள்ளிமலைக்குக் கிளம்புறீங்கன்னு வெச்சுக்குவோம். மலையில சிக்னலை நம்பாதீங்க, கீழேயே டவுன்லோட் பண்ணிடுங்க.

1. 'ஓம்கார நாதானு': சங்கராபரண ராகம். எஸ்.பி.பி-யும் எஸ்.ஜானகியும் பாடினது. இப்போ வாசிச்சுப் பார்த்த ஸ்வரங்கள் இதுல எப்படி வளையுதுன்னு கவனிங்க.

2. 'மானஸ சஞ்சரரே': சாமா ராகம். எழுதினவர் சதாசிவ பிரம்மேந்திரர். அவருடைய அதிஷ்டானம் கரூர் பக்கம் நெரூர்ல இருக்கு. மலைப்பாதை ஆரம்பிக்கும்போது கேட்க ஏத்த நிதானமான பாட்டு.

3. 'ப்ரோசேவாரெவருரா': கமாஸ் ராகம், மைசூர் வாசுதேவாச்சார் கீர்த்தனை. எஸ்.பி.பி-யும் வாணி ஜெயராமும் ஸ்வரம் பாடுற இடத்துக்காகவே ரிப்பீட்ல போடுவீங்க.

4. 'சங்கரா நாதசரீராபரா': மத்யமாவதி ராகம். எஸ்.பி.பி-யின் குரல் ஏறுற உயரத்துக்காகக் கேளுங்க. வால்யூமை முதல்லயே கொஞ்சம் குறைச்சு வெச்சுக்கோங்க.

5. 'தொரகுனா இடுவண்டி சேவா': பிலஹரி ராகம். இதைக் கடைசியா வெச்சதுக்குக் காரணம் இருக்கு.

அந்தக் கடைசிப் பாட்டு

40 வருஷம் தாண்டின படத்துக்கு ஸ்பாய்லர் அலர்ட் தேவையில்லைன்னு நினைக்கிறேன்.

துளசி, தாசி குலத்துல பிறந்த பொண்ணு. சாஸ்திரியின் இசையை உயிரா நினைக்கிறவ. அவளுக்கு அடைக்கலம் கொடுத்ததுக்காக ஊர் சாஸ்திரியை ஒதுக்குது, பக்கவாத்தியக்காரங்க எழுந்து போயிடுறாங்க. வருஷங்கள் ஓடுது. வறுமையில இருக்கிற சாஸ்திரியின் வீட்டுக்கு ஒரு சின்னப் பையன் பாட்டு கத்துக்க வர்றான். அவன் துளசியின் மகன். கடைசிக் கச்சேரியில சாஸ்திரியால பாட்டை முடிக்க முடியல. விட்ட இடத்திலிருந்து அந்தப் பையன்தான் பாடுறான். அவர் தன்னோட வாரிசா ஏத்துக்கிறதும் அவனைத்தான்.

"இந்த இசை யாருக்குச் சொந்தம்?" படம் கேட்கிற கேள்வி இதுதான். பிறப்பைக் கேட்ட ஊருக்கு அந்தப் பையனின் குரல்தான் பதில். திரைக்குப் பின்னாலயும் அதே பதில்தான்: முறையா படிக்காத ஒருத்தர், சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் கிடைச்சதும், வித்வானாவே பாடிக் காட்டினார். சென்னை சபாவுல டிக்கெட் எடுத்தாதான் இந்த இசைன்னு நினைக்கிற கள்ளக்குறிச்சிக்காரருக்கும் அதே பதில் பொருந்தும்.

மொழி புரியலைங்கிறதையும் சாக்கா சொல்லாதீங்க. தெலுங்குல கீர்த்தனைகளை எழுதிக் குவிச்ச தியாகராஜர் வாழ்ந்தது காவிரிக்கரை திருவையாறுல. 'தொரகுனா' என்கிற தொடக்கமே அவருடைய பிலஹரி கீர்த்தனையிலிருந்து வந்ததுதான்.

எஸ்.பி.பி 2020-ல மறைந்தார். 2023-ல விஸ்வநாத் மறைந்தது பிப்ரவரி 2-ம் தேதி, 'சங்கராபரணம்' வெளியான அதே தேதி. ரெண்டே நாள்ல வாணி ஜெயராமும் போயிட்டார். பாடினவங்க விட்ட இடத்திலிருந்து அடுத்து யாராவது எடுக்கணும். பாடித்தான் எடுக்கணும்னு இல்ல, காது கொடுத்தாலும் போதும்.

வெள்ளிமலை வந்துடுச்சா? இறங்கி ஒரு டீ குடிங்க. திரும்பி வரும்போது அஞ்சாவது பாட்டை இன்னொரு தடவை போடுங்க. இந்தத் தடவை அந்தப் பையனை மனசுல வெச்சுக்கிட்டுக் கேளுங்க.