கிழக்கே போனால் மேலே ஏறணும்!

இங்கிலீஷில் வழி சொல்லும்போது நம்மை மாட்டிவிடுவது குட்டி வார்த்தைகள்தான். ஜங்ஷனில், இடது பக்கத்தில், சந்தில் என்று நாம் ஒரே 'இல்' போட்டு முடித்துவிடுவோம். அவர்களுக்கு 'அட் த ஜங்ஷன்', 'ஆன் த லெஃப்ட்', 'இன் த லேன்' என்று மூன்று வேண்டும். சரி, அதை மனப்பாடம் செய்துவிடலாம். 'அப்', 'டவுன்' விஷயம் அப்படி இல்லைங்க. அதற்குள் ஒரு சரித்திரமே இருக்கிறது.

நான் வேலை பார்க்கும் வித்துரா, திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரு மலையடிவார ஊர். போணக்காடு எஸ்டேட் இங்கிருந்து கிழக்கே. போகப் போக ஏற்றம்தான். ஆனால் மலையாளத்திலும் அந்தத் திசைக்குப் பெயர் கிழக்கு! 'கீழ்' என்பதிலிருந்து பிறந்த சொல். கீழே என்று பெயர் வைத்துவிட்டு மேலே ஏறுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் பெயர் கச்சிதம். மலை மேற்கே, காவிரி, வைகை, தாமிரபரணி எல்லாம் கிழக்கே இறங்கி ஓடுகின்றன. மேல் பக்கம் மேற்கு, கீழ்ப் பக்கம் கிழக்கு. (குடக்கு, குணக்கு என்ற பழைய பெயர்களும் உண்டு.) மலையைத் தாண்டினால் எல்லாம் தலைகீழ்.

இதைக் கவனித்து எழுதியவர் கால்டுவெல். 1841 முதல் திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடியில் வாழ்ந்தவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ல் வெளியிட்டார். மலையாளிகள் கிழக்கிலிருந்து மலை கடந்து வந்தவர்கள் என்பதற்கு இந்தச் சொல்லையே சாட்சியாக வைத்தார். மேற்குக்கு அவர்கள் சூரியன் படுகிற திசை என்று 'படிஞ்ஞாறு' வைத்துக்கொண்டார்கள், கிழக்கை மாற்றவில்லை. என்னைக் கேட்டால், சொல் வந்த வழி தெரிகிறது. ஆட்கள் வந்த கதையை ஒரே சொல்லை வைத்துத் தீர்ப்பது கொஞ்சம் அவசரம்.

இங்கிலீஷ் மட்டும் ஒழுங்கா? 'டவுன்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'குன்றிலிருந்து இறங்கி' என்ற பொருளுள்ள சொல்லின் மிச்சம். இங்கிலாந்தின் தெற்கே 'சவுத் டவுன்ஸ்' என்றால் இன்றும் குன்றுகள்தான்! பிறகு அவர்களும் மலையை மறந்தார்கள். அவர்கள் ரயில்வேயில் லண்டனை நோக்கிப் போனால் 'அப்', விலகிப் போனால் 'டவுன்'. மேடு பள்ளம் கணக்கே கிடையாது. தெருவிலும் 'டவுன் த ரோடு' என்றால் பல நேரம் 'இதே ரோட்டில் கொஞ்ச தூரம்' என்றுதான் அர்த்தம். அதனால் வித்துரா மாதிரி ஊரில் அதைச் சொல்லாமல் இருப்பதே நல்லது. கேட்பவர் நிஜமாகவே இறங்கிப் போய்விடுவார். சரிவு இருந்தால் 'அப் த ஹில்', 'டவுன் த ஹில்'. இல்லையென்றால் 'அலாங் த ரோடு' போதும்.

வெளியூரில் வளரும் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லி வைக்கணும். லீவுக்கு சிதம்பரம் போகும்போது தாத்தா போனில் "கீழ வீதிக்கு வா" என்றால், பள்ளத்தில் ஒரு தெருவைத் தேடக் கூடாது. 'லோயர் ஸ்ட்ரீட்' என்று ஆட்டோக்காரரிடமும் கேட்கக் கூடாது. இங்கிலீஷில் அதன் பெயர் 'ஈஸ்ட் கார் ஸ்ட்ரீட்'.